கடைசி ஈத்துக் கன்று: தாயின் வயது பிள்ளையின் ஆயுளைத் தொடுமா?

படுவான்கரை மகன் (வெல்லாவெளி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு கன்றின் பொருட்டு இரண்டு கிழமையாக நடந்துவரும் வழக்கை இங்கே கொண்டுவருகிறேன்.

அப்பாவின் பட்டியில் 14 நாட்டு மாடுகள் நிற்கின்றன. அவற்றுள் மூத்தது சுட்டி. என் கடைசித் தங்கை பிறந்த வருடம் நாகாக வாங்கி வந்த பசு என்பதால், அதன் வயது 15க்குக் குறையாது என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. சென்ற மாதம் அது தன் ஒன்பதாம் ஈத்தில் ஒரு நாகு கன்றைப் போட்டது. பிறந்து அரை மணித்தியாலத்துக்குள் கன்று எழுந்து நின்று தானாகவே மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

சுட்டியைப் போல் பால் தந்த மாடு இந்தப் பட்டியில் வேறில்லை, ஆகவே அதன் மகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. கிழட்டுப் பசுவின் கன்று எவ்வளவு துள்ளினாலும் ஆயுளில் குறைந்தது, இரண்டு ஈத்துக்கு மேல் தாங்காது, விலை வரும்போதே கொடுத்துவிடுங்கள் என்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படித்த தைரியத்தில் நான் நடுவே புகுந்து, தாய் இளமையில் ஈன்றாலும் முதுமையில் ஈன்றாலும் கடத்துவது அதே பரம்பரை அலகுகளைத்தான், ஆகவே மாமா சொல்வது வெறும் நம்பிக்கை என்று வாதிட்டேன். மாமா சிரித்துவிட்டு, "கடைசிப் பறிப்பில் வந்த கத்தரிக்காயை விதைக்கு விடுவாயா?" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

தாயின் வயது, பிள்ளை எத்தனை காலம் வாழும், எத்தனை பிள்ளை பெறும் என்பவற்றைத் தொடுகிறது என்பதற்கு விலங்குகளில் உறுதியான ஆதாரம் உண்டா? உண்டென்றால் அது மாட்டுக்கும் பொருந்துமா? அறிந்தவர்கள் விளங்கப்படுத்தினால் உதவியாக இருக்கும்.

நுணுக்குக்காட்டி (ஏறாவூர்) எழுதியது:

தம்பி, நீங்கள் படித்த பாடம் பிழையில்லை, ஆனால் அது பாதிதான். பிள்ளைக்குத் தாய் கொடுப்பது பரம்பரை அலகுகளை மட்டுமன்று. முட்டைக் கலத்தை நிரப்பியிருக்கும் முழுக் குழியவுருவும், அதில் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளும், கருவுக்கான உணவும், முலையூட்டிகளில் கருப்பையும் பாலும் அவளிடமிருந்தே வருகின்றன. இவையெல்லாம் அவளோடு சேர்ந்து வயதாகின்றன. ஆகவே உங்கள் மாமாவின் கேள்வி அறிவியல் கேள்விதான், அதுவும் ஒரு நூற்றாண்டுப் பழைமையானது. தொலைபேசியால் நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், ஹைட் என்ற ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வம்ச வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பார்த்து, இளம் பெற்றோருக்குப் பிறந்தவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1918இல் எழுதினார். குடும்ப வரலாற்றிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் அது அங்கேயே நின்றுவிட்டது.

ஆய்வுகூடத்தில் இதைக் காட்டியவர் அல்பேர்ட் லான்சிங். அவர் 1947இல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரொட்டிபர் என்று ஒரு நீர்விலங்கு உண்டு. வெறுங்கண்ணுக்கு ஒரு தூசியளவுகூடத் தெரியாது, ஆனால் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் தலையில் இரண்டு சில்லுகள் சுழல்வதுபோல் மயிர் வளையங்கள் அசைந்து உணவை உள்ளே இழுப்பதைக் காணலாம். அவர் எடுத்த இனத்தில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே முட்டையிடும், மகள் தாயின் அச்சாகவே இருக்கும், முழு வாழ்வும் சில கிழமைகளில் முடிந்துவிடும். லான்சிங் ஒரு வழியில் தாய் இளமையில் இட்ட முட்டைகளை மட்டும் எடுத்து வளர்த்தார், அந்த மகள்களும் இளமையில் இட்டவற்றை மட்டும் எடுத்தார், இப்படியே தொடர்ந்தார். மற்றொரு வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் முதிர்ந்த பின் இட்டவற்றையே எடுத்தார். முதிய தாய்மாரின் வழியில் ஆயுள் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி, சில தலைமுறைகளில் அந்த வம்சமே அற்றுப்போயிற்று. இளம் தாய்மாரின் வழி நிலைத்தது.

என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த படி. தேய்ந்துகொண்டிருந்த வழியிலிருந்து, இளமையில் இடப்பட்ட முட்டைகளை அவர் எடுத்து வளர்த்தபோது ஆயுள் மீண்டும் நீண்டது. பரம்பரை அலகு பழுதாகியிருந்தால் அப்படித் திரும்பியிராது. ஆகவே கடத்தப்பட்டது வேறேதோ ஒன்று. அது சேர்ந்துகொண்டே போகக்கூடியது, அதே நேரம் மீளக்கூடியது. இன்றும் இதற்கு லான்சிங் விளைவு என்றுதான் பெயர். பின்னர் இதைத் திருப்பிச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே அளவில் விளைவு கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில் கிறிஸ்டின் கிரிப்பிளின் குழுவினர் பிரக்கியோனஸ் என்ற உவர்நீர் ரொட்டிபரில் இதை மீண்டும் எடுத்தார்கள். முதிய தாயின் மகள்கள் குறைந்த காலமே வாழ்ந்தன, முட்டைகளும் குறைவாகவே இட்டன. தாய்க்கு உணவைக் குறைத்து வளர்த்தால் அவளுடைய முதுமை மகளுக்குச் செய்யும் கேட்டில் ஒரு பகுதி நீங்குகிறது என்பதை 2014இல் காட்டினார்கள். பழ ஈயிலும், முதிய தாயின் பிள்ளைகளுக்கு ஆயுள் குறைவதை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதோடு நிறுத்தினால் மாமா வென்றுவிடுவார். ஆனால் மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவில் கதை தலைகீழ். மிக இளம் தாய் முதல் நாளில் இடும் குஞ்சுகளே அங்கு நோஞ்சான்கள்: பருமனில் சிறியவை, மெதுவாக வளர்பவை, பட்டினி தாங்காதவை, பின்னாளில் குறைவாக ஈனுபவை. 2017இல் இதைக் கண்டவர்கள் காரணத்தையும் கண்டார்கள். இளம் தாய் தன் முட்டைக்குள் மஞ்சட்கருப் புரதத்தைப் போதிய அளவு நிரப்புவதில்லை. வயது ஏற ஏற நிரப்புகிறாள். ஆகவே "முதிய தாய் என்றால் கேடு" என்று ஒரே வரியில் சட்டம் எழுத இயலாது.

பட்டிக்காரர் (சித்தாண்டி) எழுதியது:

நான் படித்தவன் இல்லை, ஆனால் 40 வருடமாக மாட்டோடு நிற்பவன். மேலே ஐயா எழுதிய புழுவின் கதையைப் பேரன் வாசித்துக் காட்டியபோது, இது நம் தலையீத்துக் கன்றின் கதையல்லவா என்று எனக்குத் தோன்றியது. தலையீத்துப் பசு தானே இன்னும் வளர்ந்து முடியாதது. தின்னும் புல்லில் பாதி அதன் எலும்புக்கே போகும். கன்று சிறியதாக விழும், சில வேளை ஈனுவதற்கே இழுபடும், பாலும் குறைவு, கன்றை அண்டவிடாமல் உதைக்கும் பசுக்களும் உண்டு. மூன்றாம் ஈத்திலிருந்து ஆறாம் ஈத்து வரைக்கும் விழும் கன்றுகள்தாம் எனக்கு எப்போதும் கைகொடுத்தவை. அதற்குப் பிறகு வருபவை சில நன்றாக வரும், சில வராது.

தம்பியின் மாமாவுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். பட்டியில் 15 வயது வரை ஒரு பசு நிற்கிறது என்றால், அது தானாக நிற்கவில்லை, நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம். பால் இல்லாததையும், சினை பிடிக்காததையும், ஒவ்வொரு மாரிக்கும் நோயில் விழுவதையும் நான்கைந்து ஈத்துக்குள் கழித்துவிடுவோம். ஆகவே கிழட்டுப் பசு என்பது பட்டியின் மிக நல்ல பசு. அதன் கன்று நன்றாக வந்தால் அது வயதினாலா, வம்சத்தினாலா என்று யார் பிரித்துச் சொல்வது?

இன்னொன்று, கன்று விழுந்த காலம். பெரும்போகத்துக்கு வயல் விதைத்தவுடன் நாங்கள் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துவிடுவோம்; அறுவடை முடிந்து வைக்கோலும் தாளும் கிடக்கும்போது திரும்புவோம். புல் நின்ற வருடத்தில் விழுந்த கன்றும், புல் கருகிய வருடத்தில் விழுந்த கன்றும் ஒரே தாயின் பிள்ளைகளானாலும் ஒன்றாகா. தாயின் வயதைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் அந்த வருடத்து மழையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

சுட்டியின் வயதில் சந்தேகம் இருந்தால் கொம்பைத் தடவிப் பாருங்கள். பசுவுக்கு நான்கைந்து வயதில் பல் நிறைந்துவிடும், அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் மதிக்கலாம். கொம்பின் அடியில் ஈத்துக்கு ஒரு வளையம் விழும். விரலை வைத்து எண்ணினால் ஒன்றிரண்டு பிழைக்கும், அதற்கு மேல் பிழைக்காது. இரண்டு வளையத்துக்கு இடையே அகலமாக இருந்தால் அந்த இடைவெளியில் அது ஈனாமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

நுணுக்குக்காட்டி (ஏறாவூர்) எழுதியது:

பட்டிக்கார ஐயா, படித்தவன் இல்லை என்று தொடங்கி, இந்தத் துறையின் மிகப் பெரிய பொறியைத் தொட்டுவிட்டீர்கள். முதுமை வரை எஞ்சும் தாய்மார் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளை, இளம் தாய்மார் எல்லோருடைய பிள்ளைகளோடும் ஒப்பிட்டால், முதுமை செய்யும் கேட்டை அவர்களின் நல்ல வம்சம் மறைத்துவிடும். விளைவு இல்லை என்றோ, முதுமை நல்லது என்றோ கணக்கு பொய் சொல்லும். அதற்கு ஒரே மருந்து, ஒரே தாய் இளமையில் பெற்ற மகளையும் முதுமையில் பெற்ற மகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. அக்காவையும் தங்கையையும் ஒப்பிடுவது போல.

காட்டில் வாழும் உயிர்களில் அப்படிச் செய்து காட்டியதற்கு நல்ல உதாரணம் நம் அடைக்கலக் குருவி. இங்கிலாந்துக்குத் தென்மேற்கே லண்டி என்ற சிறு தீவில், குருவிகள் கடல் தாண்டிப் பெரும்பாலும் போவதுமில்லை வருவதுமில்லை என்பதால், ஒவ்வொன்றின் காலிலும் வளையம் போட்டு, எது யாருடைய பிள்ளை, எத்தனை காலம் வாழ்ந்தது, எத்தனை குஞ்சுகளை வளர்த்தெடுத்தது என்று பல வருடங்களாகக் குறித்து வந்திருக்கிறார்கள். 2015இல் வெளியான முடிவு இது: முதிய தாயின் மகள்கள் தம் வாழ்நாளில் வளர்த்தெடுத்த பிள்ளைகள் குறைவு, முதிய தந்தையின் மகன்களுக்கும் அதே நிலை. கிழப் பறவை ஒழுங்காக இரை ஊட்டாததனால் இப்படி இருக்கலாமே என்று கேட்கலாம். அதற்காகக் கூடுகளுக்கிடையே குஞ்சுகளை மாற்றி வைத்தும் பார்த்தார்கள். யார் வளர்த்தார் என்பதை விட யார் பெற்றார் என்பதே எடுபட்டது. தந்தையின் வயதையும் மறக்கக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். தம்பியின் வீட்டு வழக்கில் பொலிகாளையின் வயதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒக்ஸ்பெர்ட் அருகே வைதம் காட்டில் பட்டாணிக் குருவிகளில் 2010இல் கண்டது இன்னும் நுட்பமானது. முதிய தாயின் மகள்கள் தொடக்கத்தில் மற்றவற்றை விடச் சற்று நன்றாகவே குஞ்சு பொரித்தன. ஆனால் அவற்றுக்குத் தளர்ச்சி முந்தி வந்தது, வந்த பின் விரைவாகவும் இறங்கிற்று. கன்று அரை மணித்தியாலத்தில் எழுந்து நின்றது என்பதை வைத்து மாமா சொன்னதை மறுக்க முடியாமல் போவது இதனால்தான். முதல் மாதத்தில் தெரிவது ஒன்று, பத்தாம் வருடத்தில் தெரிவது இன்னொன்று.

பொரிப்பகம் (அக்கரைப்பற்று) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் தாயின் வயது விவாதப் பொருளே அன்று. முட்டைத் தட்டில் ஒட்டும் துண்டில் முதல் எழுதுவதே தாய்க்கோழிகளின் வயதைத்தான்.

இறைச்சிக் கோழிக் குஞ்சுக்கான தாய்க்கோழி ஏறத்தாழ 25 கிழமையில் இடத் தொடங்கும், 60 கிழமை தாண்டியதும் கழித்துவிடுவார்கள். முதல் கிழமைகளில் வரும் முட்டை 50 கிராம் அளவில் சிறியது, ஓடு கெட்டியானது, உள்ளே மஞ்சட்கருவும் சிறியது. முட்டையின் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் குஞ்சு வரும் என்பதால், அந்தக் குஞ்சு உள்ளங்கையில் வைத்தால் பாரமே தெரியாது. முதல் ஏழு நாளில் சாவதில் இவைதாம் அதிகம். அடைகாப்புக் கூட்டில் ஒரு பாகை வெப்பம் குறைந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூலையில் ஒடுங்கிவிடும். தாய் 30 முதல் 45 கிழமை வரையில் இருக்கும்போது பொரிக்கும் வீதமும் நன்று, குஞ்சும் நன்று. அதற்கு மேல் முட்டை 70 கிராம் வரை பெருக்கிறது, ஆனால் அதே அளவு சுண்ணாம்பைப் பெரிய முட்டையின் மேல் பரப்ப வேண்டியிருப்பதால் ஓடு மெலிகிறது, முட்டை நீரை இழக்கிறது, கருவிலேயே சாவது கூடுகிறது. அப்படியிருந்தும் பொரித்து வெளியே வந்த குஞ்சு கனமானதாகவே இருக்கும். அதை வாங்கும் பண்ணைக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துப் போவார்.

ஐயா எழுதியதை வாசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் குஞ்சை ஆறு கிழமையில் இறைச்சியாக்கிவிடுகிறோம். அதன் ஆயுள் என்ன, அது எத்தனை முட்டை இடும் என்பதை நாங்கள் ஒருபோதும் பார்ப்பதேயில்லை. ஆகவே "முதிய கோழியின் குஞ்சு நல்லது" என்ற எங்கள் அனுபவம் ஆறு கிழமைக்கு மட்டும் உண்மை. வீட்டில் என் உம்மா நாட்டுக்கோழி அடை வைக்கும்போது கிழட்டுப் பேட்டின் முட்டையைக் கறிக்கு ஒதுக்கி, இரண்டாம் மூன்றாம் வருடப் பேட்டின் முட்டையைத்தான் எடுப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

மீனில் இந்தக் கதை வேறு மாதிரி என்று நினைக்கிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்களின் பின்னர்தான் பெண்ணாக மாறும். ஆகவே முகத்துவாரத்தில் பெரிய கொடுவா ஒன்று வலையில் விழுந்தால், விழுந்தது பெரும்பாலும் முதிய தாய்தான். சந்தையில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். கிழட்டுத் தாயின் பிள்ளை பலவீனம் என்றால் அதைப் பிடிப்பதில் நட்டமில்லை என்றல்லவா ஆகும்?

நுணுக்குக்காட்டி (ஏறாவூர்) எழுதியது:

அந்த முடிவுக்குப் போய்விடாதீர்கள். மீன் சாகும் வரை வளர்ந்துகொண்டே போவது. உடல் பெருக்கப் பெருக்க முட்டையும் பல மடங்காகப் பெருகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 'பிளாக் ரொக்பிஷ்' என்ற மீனில் (நம் பாறை மீனுக்கும் அதற்கும் உறவில்லை) 2004இல் செய்த சோதனையில், மிக முதிய தாய்மாரின் குஞ்சுகள் மிக இளம் தாய்மாரின் குஞ்சுகளை விட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் வளர்ந்தன, பட்டினியில் இரண்டு மடங்குக்கும் மேலான காலம் தாங்கின. முதிய தாய் தன் குஞ்சுக்குக் கட்டிக் கொடுத்த எண்ணெய்த் துளி பெரியது, அவ்வளவுதான் இரகசியம். ஆகவே பெரிய தாய்மீனைப் பிடிப்பது நட்டமே. போகிற போக்கில் ஒன்று: பொரிப்பகங்களில் கொடுவாக் குஞ்சுக்குக் கொடுக்கும் முதல் தீனி, நான் மேலே சொன்ன பிரக்கியோனஸ் ரொட்டிபர்தான்.

கோழியையும் மீனையும் புழுவையும் அருகில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. தாய் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு ஒன்று, தாயின் கலம் தேய்ந்த தேய்மானம் மற்றொன்று. சோறு வயதோடு பெரும்பாலும் கூடுகிறது, அதன் பலன் பிறந்தவுடன் தெரிகிறது. தேய்மானம் பிள்ளையின் பின்வாழ்வில்தான் வெளிவருகிறது. இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது விலங்குக்கு விலங்கு மாறுகிறது.

முலையூட்டிகளில் தேய்மானத்துக்கு ஓர் இடம் நன்கு தெரிந்தது. பெண் விலங்கு தன் வாழ்நாளுக்கான முட்டைக் கலங்களைத் தான் பிறக்கும் முன்பே உண்டாக்கிச் சூலகத்தில் வைத்துவிடுகிறது. அவை கலப்பிரிவின் நடுவே நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. பரம்பரை அலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்களைச் சோடியாகப் பிடித்து வைத்திருக்கும் புரதக் கட்டு அந்தக் காத்திருப்பில் தளர்கிறது; பிரியும்போது ஒன்று கூடியோ குறைந்தோ போகிறது. அப்படிப் பிழைத்தவற்றில் பெரும்பாலானவை கருவிலேயே நின்றுவிடும். சுட்டியின் ஒன்பதாம் முட்டைக் கலமும், சுட்டி தன் தாய் வயிற்றில் இருந்தபோதே உண்டானதுதான், தம்பி. அதன் வயதும் பசுவின் வயதும் ஒன்று.

இயற்கை இதை ஏன் திருத்தவில்லை என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. உயிரியலாளர் பீற்றர் மெடவார் 1952இல் சொன்ன நியாயம் இங்கும் பொருந்தும். காட்டில் முதுமை வரை எஞ்சும் தாய்மார் மிகச் சிலர். அவர்களின் கடைசிப் பிள்ளைகள் இன்னும் சிலர். அந்தச் சிலரிடம் தோன்றும் குறையை இயற்கைத் தேர்வின் கண் சரியாகப் பார்ப்பதேயில்லை.

சம்மாந்துறையான் எழுதியது:

எங்கள் பக்கத்தில் யானை வராத இரவு குறைவு. அதிக காலம் வாழும் யானையில் இதைப் பார்த்திருக்கிறார்களா? இன்னொரு கேள்வி. என் உம்மாவுக்கு 42 வயதில் பிறந்தவன் நான். எனக்குப் பயப்பட ஏதும் உண்டா?

நுணுக்குக்காட்டி (ஏறாவூர்) எழுதியது:

யானையில் பார்த்திருக்கிறார்கள். மியன்மாரில் மரம் இழுக்கும் ஆசிய யானைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, இறப்புப் பதிவேடு உண்டு. இரவில் காட்டில் தாமாக மேய்ந்து, காட்டு ஆண்களோடும் கூடுவதால் அவற்றின் வாழ்வு பாதி இயற்கையானது. அந்தப் பதிவேட்டிலிருந்து 2020இல் வெளியான முடிவு, இந்தத் திரியில் உள்ள எல்லோருக்கும் பாதிப் பாதி வெற்றி தருவது. முதிய தாயின் பிள்ளைகளுக்கு உயிர் பிழைப்பு குறைவு. ஆனால் அவற்றின் இனப்பெருக்கம் கூடுதல். அவற்றுக்குப் பிறந்த பேரக் கன்றுகளின் பிழைப்போ மறுபடி குறைவு. அதாவது பாட்டி எந்த வயதில் ஈன்றாள் என்பது பேரக் கன்று வரை போய்த் தொடுகிறது.

அதே யானைகளில் 2016இல் கண்ட இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். 20 வயதுக்குக் குறைந்த இளம் தாய் ஈன்ற கன்று, பாட்டி கூடவே நிற்கும் இடத்தில், பாட்டி வேறிடத்தில் இருக்கும் கன்றை விட எட்டு மடங்கு குறைந்த மரண அபாயத்தோடு வாழ்ந்தது. முதிய பெண் யானையின் பயன் அவள் ஈனுவதோடு முடிவதில்லை. உங்கள் பக்கத்தில் வேலியோரம் செத்துக் கிடப்பது மூத்த பெண் என்றால், பின்னால் நிற்கும் இளம் தாயின் கன்றையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். மாட்டையும் புழுவையும் பற்றிய பேச்சைத் தாய்மாரின் மேல் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. டவுன் சிண்ட்ரோம் போன்ற நிறமூர்த்தப் பிழைகள் தாயின் வயதோடு கூடுவது உண்மை. அது கருவிலேயே தீர்மானமாகிவிடும், நீங்கள் அதைத் தாண்டி வந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். மற்றவற்றில், சுவீடனின் பதிவேடுகளை வைத்து 2016இல் செய்த ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டபோது, தாயின் பிந்திய வயதில் பிறந்தவர்கள் உயரமாகவும் கூடுதல் கல்வியோடும் இருந்ததைக் கண்டது. காரணம் எளிது. பத்து வருடம் பிந்திப் பிறந்த பிள்ளைக்குப் பத்து வருடம் முன்னேறிய மருத்துவமும் பாடசாலையும் கிடைத்தன. பட்டிக்கார ஐயா சொன்ன "அந்த வருடத்து மழை" இதுதான்.

பட்டிக்காரர் (சித்தாண்டி) எழுதியது:

அப்படியானால் மாட்டிலும் ஒன்று உண்டு. இப்போது பலர் ஊசி போட்டுச் சினைப்படுத்துகிறார்கள். நல்ல காளையின் விந்து வருடத்துக்கு வருடம் மேம்பட்டு வருவதால், இளம் பசுவே முதிய பசுவை விட நல்ல வம்சமாக இருக்கும். அங்கே இளம் பசுவின் கன்று நன்றாக வந்தால் அதைத் தாயின் இளமைக்குக் கணக்கெழுதிவிடக் கூடாது. எங்கள் நாட்டு மாட்டுப் பட்டியில் அந்தக் குழப்பம் குறைவு.

படுவான்கரை மகன் (வெல்லாவெளி) எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று நாளாக இதை அப்பாவுக்கும் மாமாவுக்கும் மாறி மாறி வாசித்துக் காட்டினேன். யானைப் பகுதி வந்தபோது இருவரும் தாங்கள்தாம் வென்றதாகச் சொன்னார்கள்.

பட்டிக்கார ஐயா சொன்னபடி நேற்று மாலை சுட்டியைக் கட்டையில் கட்டிவிட்டுக் கொம்பைத் தடவி எண்ணினேன். வலக் கொம்பில் எட்டு வளையம் தெளிவாகத் தட்டுப்பட்டது. ஒன்பதாவது இனித்தான் விழ வேண்டும் போலும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே விரல் அகலத்துக்கு வழுவழுப்பாக ஓர் இடைவெளி இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது வெள்ளத்தில் கன்று கலைந்த வருடம் என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது.

பிறகுதான் ஐயா சொன்ன அக்கா–தங்கை ஒப்பீடு நினைவுக்கு வந்தது. சுட்டியின் மூன்றாம் ஈத்து மகள் இன்றும் எங்கள் பட்டியில் நிற்கிறது, நான்கு ஈன்றுவிட்டது. ஏழாம் ஈத்து மகளைத் தலையீத்து முடிந்ததும் விற்றோம். வாங்கியவர் பாலையடிவட்டையில் இருக்கிறார், அதன் பின் அது எத்தனை ஈன்றது என்று கேட்டுப் பார்க்கலாம். மூன்று மகள்களை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கன்றை விற்பது பற்றிய பேச்சை அதன் தலையீத்து வரைக்கும் ஒத்திவைப்பதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மாமா ஒரு நிபந்தனை போட்டார்: ஐந்தாம் ஈத்து, ஏழாம் ஈத்து எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைக்க வேண்டும், அப்பாவின் ஞாபகத்தை நம்பக் கூடாது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் சுட்டியின் பெயரும் அதன் கீழே ஒன்பது கோடுகளும் போட்டிருக்கிறேன். பொலிகாளைக்கு என்று ஒரு நிரலும் விட்டிருக்கிறேன். இந்தக் கன்றுக்கு அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது மட்டும் அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.